இரண்டு சாண் தள்ளி

"உன் கை பொய் சொல்லும் தம்பி. கருவி பொய் சொல்லாது."

இதைச் சொன்னவள் நான்தான். சொன்ன இடம், ஆரஞ்சுத் தோட்டத்துப் பம்ப் அறையின் வாசல். கேட்டுக்கொண்டு நின்றவர்கள் நான்கு பேர். தோட்டத்து முதலாளியம்மா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுவதால் 'கண்ணாடி' என்று பேர் வாங்கிய மேற்பார்வையாளர், கிளை வெட்டும் அக்கா தங்கை இருவர். யாரைப் பார்த்துச் சொன்னேனோ அவன் என் கொழுந்தன், என் கணவரின் தம்பி.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவன் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு கணக்குப் பாடத்துக்கு அழுதுகொண்டிருந்தான். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. என் கணவர் போய்ச் சேர்ந்த பிறகு, என் வீட்டில் ஒரு ஆணி அடிக்க வேண்டும் என்றாலும் சுத்தியலோடு வந்து நிற்பவன் அவன்தான். அந்தத் தோட்டத்தில் வால்வு திறந்து மூடுவது, தொட்டியில் உரம் கரைத்துத் தண்ணீரோடு விடுவது, சொட்டுநீர்க் குழாயில் அடைத்துக்கொண்ட சொட்டுவாய்களை ஊசியால் குத்திவிடுவது எல்லாம் அவன் வேலை. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான்.

என் வேலை அளவு எடுப்பது. மண், நீர் ஆய்வுக்கூடத்தின் பதிவேட்டைச் சுமந்துகொண்டு ஆறு தோட்டங்களுக்குப் போவேன். வியாழக்கிழமை இந்தத் தோட்டம். ஏழாவது வரிசையில், ஒரு மரத்தடியில், ஒரு குழாய் நட்டிருக்கும். முழங்கை நீளம். அடியில் சுட்ட களிமண் முனை, தலையில் கடிகாரம் மாதிரி ஒரு முள். குழாய்க்குள் தண்ணீர் நிரப்பியிருக்கும். மண் காயக் காய, அந்தத் தண்ணீரை முனை வழியாக வெளியே இழுக்கும், முள் ஏறும். மண் நனைந்தால் முள் இறங்கும். எண் ஏறினால் தாகம், இறங்கினால் ஈரம். தோட்டத்தில் எல்லாரும் அதைக் 'குச்சி' என்பார்கள். குச்சி சொல்வதை வைத்துத்தான் நானூறு மரங்களுக்கும் எத்தனை மணி நேரம் தண்ணீர் விடுவது என்று கண்ணாடி முடிவு செய்வார்.

பக்கத்திலேயே, வேர் எட்டாத ஆழத்தில் இன்னொரு குழாய் உண்டு. அங்கே தண்ணீர் தேங்கினால் அது மரத்துக்கு உதவாமல் நழுவிப்போன தண்ணீர் என்று அர்த்தம். பருவத்துக்கு ஒரு முறை மட்டும் அதிலிருந்து உறிஞ்சி எடுத்துப் பார்ப்பேன். எப்போதும் புட்டியின் அடி நனைகிற அளவுதான் வரும்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

வெயில் காலத் தொடக்கத்தில் என் வலது முட்டி வீங்கிவிட்டது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. ஆய்வுக்கூடத்தில், ரெண்டு காலுக்கும் ஒரே வயசுதானே, ஒண்ணு மட்டும் எப்படி முந்திக்கிட்டுக் கிழவியாச்சு என்று கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். குச்சியோ சொட்டுவாய்க்கு ஒரு சாண் தூரத்தில் சேற்றில் நிற்கிறது. குனிந்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோனால்தான் முள் தெரியும். ஒரு வியாழக்கிழமை நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்ததைக் கொழுந்தன் தூரத்திலிருந்து கண்டிருக்கிறான். அடுத்த வாரம் போனபோது, சேற்றுக்கு வெளியே கெட்டியான தரையில் ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருந்தான்.

"இதுல உக்காந்து எழுதுங்க அண்ணி. இங்க விழுந்தா நான் தூக்கிடுவேன். மத்த அஞ்சு தோட்டத்துல யாரு தூக்குவா?"

அவன் போன பிறகு பெட்டியில் உட்கார்ந்து பார்த்தேன். சுகமாக இருந்தது. ஆனால் அங்கிருந்து குச்சி எட்டவில்லை. பெட்டியைச் சேற்றுப் பக்கம் இழுத்தேன், ஒரு மூலை சாய்ந்து உள்ளே இறங்கியது. பழையபடி வெளியே இழுத்துப் போட்டேன். அப்புறம் குச்சியைப் பிடுங்கி, பெட்டிக்கு அருகில், இரண்டு சாண் தள்ளி நட்டேன்.

பதிவேட்டில் ஒரு கட்டம் இருக்கிறது: 'கருவி இடம் மாற்றப்பட்டதா?' அதில் 'இல்லை' என்று எழுதினேன். முப்பது வருஷமாக 'இல்லை' எழுதிய கை, பழக்கத்தில் எழுதிவிட்டது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். பழக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. 'ஆம்' என்று எழுதினால் அதற்கு அடுத்த கட்டத்தில் காரணம் எழுத வேண்டும்.

சொட்டு விழும் இடத்தில் தண்ணீர் மண்ணுக்குள் எப்படிப் போகும் என்று கேட்டால், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். மேலே ஒரு சாண் தூரம்தான் நனையும், கீழே போகப் போக வெங்காயம் போல் அகலும். களிமண்ணாக இருந்தால் வெங்காயம். இந்தத் தோட்டத்து மண்ணில் மணல் அதிகம். மணலில் அது முள்ளங்கியாகிவிடும். பக்கத்தில் பரவாது, நேரே கீழே இறங்கும். இரண்டு சாண் தள்ளிப் போனால் பொட்டு ஈரம் இருக்காது. இதை எத்தனை பேருக்கு நான் படம் போட்டு விளக்கியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.

அடுத்த வாரமே முள் இருபத்திரண்டிலிருந்து நாற்பத்தெட்டுக்கு ஏறியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கும் குறுகுறுத்தது. வெயில் ஏறியிருக்கிறது, வேறென்ன என்று அதன் வாயை அடைத்தேன். அதற்கடுத்த வாரம் அறுபத்தொன்று. இரண்டு மணி நேரம் விட்ட தண்ணீரைக் கண்ணாடி மூன்றாக்கினார், பிறகு நான்காக்கினார்.

கொழுந்தன் அப்போதுதான் கையில் ஒரு பிடி மண்ணோடு பம்ப் அறை வாசலுக்கு வந்தான். மண் காயவில்லை, பிடித்தால் பிடியிலேயே நிற்கிறது, மரத்தடியெல்லாம் சொதசொதவென்று இருக்கிறது, இதுக்கு மேல் தண்ணீர் விட்டால் உரமெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும் என்றான். கண்ணாடி என் முகத்தைப் பார்த்தார். முதலாளியம்மாவும் பார்த்தார். நான் சொன்னதை முதலிலேயே எழுதிவிட்டேன்.

அவன் விரலை ஒவ்வொன்றாக விரித்தான். மண் உருண்டையாகவே கீழே விழுந்தது. கிளை வெட்டும் தங்கைக்காரி சிரித்துக்கொண்டே, "மேடம் சொன்னா மண்ணே கேக்கும், நீ கேக்க மாட்டியா?" என்றாள். அவனும் சிரித்துவிட்டுப் போய் வால்வைத் திறந்தான்.

ஆறு வாரத்தில் இலைகள் வெளுத்தன. முதலில் அடி இலைகள், பிறகு நடு இலைகள். மரம் உரத்துக்கு ஏங்குகிறது என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் மூட்டை மூட்டையாக உரம் கரைத்தாகிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டமோ கரும்பச்சையாக நின்றது. அந்தத் தோட்டத்து வால்வுக்காரனும் என் கொழுந்தனும் மத்தியானம் ஒரே மர நிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். கண்ணாடிக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

"பம்ப் நாலு மணி நேரம் ஓடுது. மண்ணு காஞ்சிருக்கு, இலை வெளுத்திருக்கு. அப்போ தண்ணியும் உரமும் எங்க போகுது? வேலிக்கு அந்தப் பக்கம் பாருங்கம்மா, தெரியும்" என்றார்.

முதலாளியம்மா நியாயம் பார்ப்பவர். ஒரு பக்கப் பேச்சைக் கேட்டு முடிவு செய்யமாட்டார். என்னைக் கூப்பிட்டு, "மேடம், உங்க எண் என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

கொழுந்தன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் பயமே இல்லை. அண்ணி இருக்கிறார், சரியாகச் சொல்லிவிடுவார் என்கிற முகம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் கூப்பிட்டு அனுப்பியபோது என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனான். அதே முகம்.

"அறுபத்தெட்டு" என்றேன்.

அவன் பம்ப் அறைச் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கண்ணாடியிடம் கொடுத்தான். "மேடம் படிச்சா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

தோட்டத்தில் எல்லாரும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் ஒருத்தன் மட்டும், யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அண்ணி.

நான்கு நாள் கழித்து அவன் மனைவி, என் ஓரகத்தி, வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் வாங்கிப் போனது.

"உள்ள வாம்மா."

"இல்லக்கா. வாங்கினதைத் திருப்பிக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"இதுக்கு இப்ப என்ன அவசரம்? உன்கிட்டயே இருக்கட்டுமே."

"இருந்தா அதையும் எடுத்துக்கிட்டோம்னு சொல்வாங்க."

உட்காரச் சொல்லியும் நின்றாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். சாப்பிடுகிறார், தூங்குகிறார், வீட்டில் இருக்கிற குழாயை எல்லாம் கழற்றி மாட்டுகிறார், ஒழுகாத குழாய் ஒன்றும் இப்போது ஒழுக ஆரம்பித்துவிட்டது என்றாள். சிரிப்பு வருகிற மாதிரிதான் சொன்னாள். சிரிக்க அவள் விடவில்லை.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்க்கா."

"அவங்க எண்ணைத்தானே கேட்டாங்க..."

"எண்ணை நான் சொல்லல. அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லைன்னு ஒரு வார்த்தை. அதுக்கும் கருவி வேணுமா?"

அவள் தெருமுனை திரும்பும் வரை நான் பாத்திரத்தைப் பிடித்தபடி வாசலில் நின்றேன். திறந்து பார்த்தேன். நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தாள்.

ஆழக் குழாயிலிருந்து நீர் எடுக்க வேண்டிய முறை அந்த வாரம் வந்தது. கைப்பம்பால் அதிலிருந்து காற்றை இழுத்து அடைத்துவிட்டு வந்தால், சுற்றியுள்ள மண்ணிலிருந்து நீர் மெல்ல ஊறிச் சேரும். மறுநாள் காலையில் போய் எடுக்க வேண்டும். போனேன். புட்டியின் அடிதான் நனையும் என்று பழக்கத்தில் சின்னப் புட்டியைக் கொண்டுபோயிருந்தேன். அது நிறைந்து வழிந்தது. தண்ணீர் பாட்டிலில் இருந்ததைக் கொட்டிவிட்டு மீதியை அதில் பிடித்தேன்.

சோதனைத் தாளை நனைத்துக் காத்திருந்தேன். உரச்சத்து இருந்தால் தாள் இளஞ்சிவப்பாகும். அன்றைக்கு அது கத்திரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டது. அட்டையில் உள்ள கடைசி நிறத்தைவிடவும் கறுப்பு.

அவன் கரைத்த உரம் எல்லாம் அங்கே இருந்தது. ஒரு மூட்டைகூட வேலி தாண்டவில்லை. வேருக்கு நடுவே நழுவி, என் குச்சியை ஒட்டிக்கூடப் போகாமல், நேரே கீழே.

முட்டி வலித்தாலும் பரவாயில்லை என்று சேற்றில் உட்கார்ந்தேன். குச்சி முன்பு நின்ற பழைய குழியில் விரலை விட்டு ஒரு பிடி மண் எடுத்துப் பிடித்தேன். உருண்டையாக நின்றது. விரலை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். உடையவில்லை.

சோதனைத் தாளை எடுத்துக்கொண்டு முதலாளியம்மாவிடம் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது. அவர் முன்னால் நின்றபோது பாதிதான் வந்தது. உரம் வெளியே போகவில்லை, இங்கேயேதான் கீழே இறங்கியிருக்கிறது, அவன் எடுக்கவில்லை என்றேன்.

முதலாளியம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்லவேளை. எனக்கும் மனசு கேக்கல" என்றார். பிறகு, "ஆனா குச்சி ஏன் காஞ்சிருக்குன்னு சொல்லுச்சு?"

கேட்டுவிட்டார். கதவை அவரே திறந்து வைத்துவிட்டார். நான் நுழைந்தால் போதும்.

"குச்சில ஏதாவது பழுது இருக்கும். பாக்குறேன்" என்றேன்.

கண்ணாடி உடனே பிடித்துக்கொண்டார். நாலு மணி நேரத்துக்கு இவ்வளவு தண்ணீர் கீழே போகாது, வால்வைத் திறந்துவிட்டு அவன் நிழலில் படுத்துத் தூங்கியிருப்பான், எட்டு மணி நேரம் ஓடியிருக்கும் என்றார். முதலாளியம்மாவுக்கும் அது பொருத்தமாகப் பட்டது. இனிமேல் தூங்காமல் வேலை பார்ப்பதாக இருந்தால் வரச் சொல்லுங்கள் என்று என்னிடமே சொல்லி அனுப்பினார்.

அந்தச் செய்தியைத் தூக்கிக்கொண்டு கொழுந்தன் வீட்டுக்குப் போனேன். பின்பக்கம் சுவரோரமாக உட்கார்ந்து ஒரு குழாயின் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஓரகத்தி என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். முதலாளியம்மா சொன்னதைச் சொன்னேன்.

"திருடன் போய்த் தூங்குமூஞ்சி ஆயிட்டேனா? பரவால்ல, பதவி உயர்வுதான்."

"தம்பி, குச்சியை நான் நகர்த்திட்டேன்."

அவன் கையிலிருந்த திருகு நின்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். முட்டி, பெட்டி, இரண்டு சாண், பதிவேட்டில் எழுதிய 'இல்லை', இப்போது கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சொன்ன 'பழுது' வரைக்கும். அவன் வீட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். உட்காரச் சொல்வான் என்று ஒரு நினைப்பு எனக்கு. அந்த நேரத்திலும் பாருங்கள்.

திருகைத் தரையில் வைத்துவிட்டுக் கேட்டான். "பெட்டியைச் சேத்துலயே போட்டுக்க வேண்டியதுதானே?"

"உள்ள இறங்குது."

"அடியில ஒரு பலகை வெச்சுக் குடுத்திருப்பேனே."

அவன் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஒரு பலகை. பம்ப் அறைக்குப் பின்னால் பத்துப் பலகை கிடந்தது. கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

"நான் வர்றேன்" என்றான் அவன். "ஆனா அன்னைக்கு இருந்தவங்க எல்லாரும் இருக்கணும். அதே வாசல்ல. நீங்க சொல்லணும்."

மறுநாள் காலை சொன்னேன். முதலாளியம்மா, கண்ணாடி, அக்கா, தங்கை, நால்வரும் நின்றார்கள். அவன் கதவுக்குப் பக்கத்தில், சாவி இல்லாத இடுப்போடு நின்றான்.

"இவன் கை சொன்னதுதான் நிஜம். குச்சியில பழுது இல்ல. எனக்கு உக்கார வசதியா இருக்கட்டும்னு நான்தான் ரெண்டு சாண் தள்ளி நட்டேன். நேத்து கேட்டப்பவும் மறைச்சேன். இவன் தூங்கவும் இல்ல."

அக்காக்காரி என் முட்டியைப் பார்த்தாள். கண்ணாடி நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, தரையில் எதையோ தேடுவதுபோல் குனிந்தார். முதலாளியம்மாதான் கடைசியில், "ஆய்வுக்கூடத்துக்கு எழுதணும் மேடம்" என்றார். எழுதிவிட்டேன் என்று பதிவேட்டைக் காட்டினேன். 'இல்லை'யை அடித்து, 'ஆம்' என்று எழுதி, தேதி போட்டு, காரணக் கட்டத்தில் 'அளவெடுப்பவளின் முட்டி வலி' என்று எழுதியிருந்தேன். அதை ஆய்வுக்கூடத்தில் யாரும் கேலி செய்யவில்லை. ஆறு தோட்டத்துக் குச்சிகளையும் இன்னொருவரை அனுப்பிச் சரிபார்த்தார்கள். மற்ற ஐந்தும் சரியாக இருந்தன. அது எனக்கு ஆறுதலாக இல்லை. மற்ற ஐந்து இடத்திலும் சரியாகச் செய்யத் தெரிந்தவள்தானே நான்?

முதலாளியம்மா சாவியைத் தன் கையாலேயே கொழுந்தனிடம் கொடுத்தார். அவன் வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டு போய், இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் வால்வைத் திறந்தான்.

இலைகள் தேற ஒரு பருவம் பிடித்தது. வெளுத்த அடி இலைகள் தேறவே இல்லை, உதிர்ந்தன. புதுத் தளிர்தான் பச்சையாக வந்தது.

பழையபடி வியாழக்கிழமைதோறும் போகிறேன். குச்சி பழைய குழியில், சொட்டுவாய்க்கு ஒரு சாணில் நிற்கிறது. அவன் சேற்றின் மேல் அகலமான பலகை போட்டு, அதன்மேல் பெட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறான். பெட்டி ஆடுவதே இல்லை. நான் உட்காரும்போது ஒரு பக்கம் நின்றுகொள்கிறான். எழும்போது கை கொடுக்கிறான். கை நிறைய மண் எடுத்துப் பிடித்துப் பார்க்கிறான், நான் முள்ளைப் பார்க்கிறேன்.

"இருபத்தி நாலு" என்கிறேன்.

"கையிலயும் சரியா இருக்கு மேடம்" என்கிறான்.

மண்ணை உதறிவிட்டு அடுத்த வரிசைக்குப் போகிறான். ஓரகத்தி பாத்திரத்தை வாங்கிப் போக இன்னும் வரவில்லை. அது அலமாரியில், கழுவியது கழுவியபடி இருக்கிறது.